அந்த நெட்டைப் பையனை அனுப்பிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. "ஆறேகால் அடி இருக்கான்ப்பா, ஆனா பந்து கையில நிக்கல. கண்ணாடி வேற. அடுத்த வாரம் பாஸ்கெட்பால் டீம்ல இருந்து எடுத்துடப் போறேன்" என்று நேற்று போனில் சொன்னாய். ராத்திரி தூக்கமே வரவில்லை.

நம் கிரவுண்டில் தினமும் 'மைக்கன்' போடச் சொல்லுவேனே, ஞாபகம் இருக்கிறதா? ரிங்குக்கு அடியில் நின்று வலப்பக்கம் வலது கை, இடப்பக்கம் இடது கை, பந்து தரையில் விழாமல் மாற்றி மாற்றி. அது ஒரு மனிதரின் பெயர். ஜார்ஜ் மைக்கன், அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் 1924இல் பிறந்தவர். 6 அடி 10 அங்குல உயரம், தடித்த கண்ணாடி. சிறுவயதில் முழங்கால் நொறுங்கி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். பாதிரியார் ஆகும் எண்ணத்தில் செமினரிப் பள்ளியில் படித்தார். நோட்டர்டேம் கல்லூரியில் ஆடிக் காட்டப் போனபோது, தேறமாட்டான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1942இல் சிகாகோவின் டிபால் கல்லூரிக்கு ரே மேயர் கோச்சாக வந்தார். வயது 28, இப்போது உனக்கு இருக்கும் அதே வயது. அங்கே படித்த மைக்கனைக் கயிறு தாண்டவிட்டார், குத்துச்சண்டை பழக்கினார், கால் லாவகமாக நகரட்டும் என்று நடனம்கூடக் கற்க வைத்தார். இரண்டு கையாலும் ஹூக் ஷாட், அதாவது ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்து எறிவது, நாள் தவறாமல். அதுதான் நாம் போடும் மைக்கன் டிரில். 1945இல் நியூயார்க்கில் ஒரே ஆட்டத்தில் மைக்கன் 53 புள்ளி எடுத்தார். எதிரணி முழுவதும் சேர்ந்து எடுத்ததும் 53தான்!

பிறகு தொழில்முறை ஆட்டம். மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு ஏழு சீசனில் ஆறு பட்டம். அவரைச் சமாளிக்க விதிகளையே மாற்றினார்கள். ரிங்குக்கு முன்னால், பந்து எறியும் அணி அதிக நேரம் நிற்கக்கூடாத கட்டத்தின் அகலம் 1951இல் 6 அடியிலிருந்து 12 அடியானது. அதற்கு முந்தைய நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி, பந்து மைக்கனிடம் போகக்கூடாது என்று கையிலேயே வைத்து நேரம் கடத்தி 19க்கு 18 என்று ஜெயித்தது. அந்த 18இல் 15 அவருடையது. அப்படி இழுத்தடித்த ஆட்டங்களால்தான் 1954இல், பந்து கிடைத்த அணி அதற்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற 24 விநாடிக் கடிகாரம் வந்தது. இன்று உன் பையன்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ பிறப்பதற்கு முன், இதே மாதிரி ஒரு நெட்டைப் பையன் வந்தான். மூன்று நாள் பார்த்தேன். கால் பின்னியது. "உனக்கு இது வராதுப்பா" என்றேன். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான். அந்த நேரம் மற்ற பையன்கள் மைக்கன்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த டிரில் எந்த மாதிரிப் பையனுக்காக உண்டானது என்பது எனக்குத் தெரிந்திருந்தும் அவனைப் போகவிட்டேன்.

நீ அவசரப்படாதே. ஆறு வாரம் கொடு. ஆட்டத்தில் இறக்க வேண்டாம். காலையில் கயிறு, அப்புறம் மைக்கன், இடது கையை மட்டும் இரண்டு மடங்கு. கண்ணாடிக்குப் பின்னால் எலாஸ்டிக் கட்டிவிடு, விழுந்துவிடுமோ என்ற பயம் போனாலே தலை நிமிரும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இடது கையில் எத்தனை விழுந்தது என்று சொல். நான் நோட்டில் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்
அப்பா