இரண்டு வேட்டி சேர்த்துத் தைத்த திரை

பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரின் எல்லாருக்கும் பத்தாம் வகுப்பு ஆசிரியரின் வணக்கம்.

சமூக அறிவியல் தேர்வோடு பொதுத்தேர்வு முடிந்தது. வெளியே வந்த பிள்ளைகள் வினாத்தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், பிரியறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பாக்கலாமா?" என்றுதான் கேட்டார்கள். முப்பத்தொரு பேர். தருமபுரிக்கு வேன், டிக்கெட், வழியில் டீ, பிஸ்கட் என்று கணக்குப் போட்டேன். கட்டுப்படியாகவில்லை. சரி, படத்தை ஊருக்கே கொண்டுவருவோம் என்று வாய் விட்டுவிட்டேன். பயம் அப்புறம்தான் வந்தது.

படத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். 1961-இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்'. "பழைய படமா சார்" என்று முகங்கள் சுருங்கின. நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அதில் வ.உ.சி.யாக சிவாஜி, அவருக்குத் தோள் கொடுக்கும் சுப்பிரமணிய சிவாவாக டி. கே. சண்முகம். வத்தலக்குண்டில் பிறந்த அந்தச் சிவா 1925 ஜூலை 23 அன்று கண்மூடியது நம் பாப்பாரப்பட்டியில்தான். அவருடைய நினைவிடத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது இன்னொரு கட்டடம், அவ்வளவுதான்.

இனி நன்றிகள்.

களத்தை ஒழித்துக் கொடுத்த ரைஸ் மில் ஐயாவுக்கு முதல் நன்றி. அன்று காயப்போட்டிருந்த நெல்லை மதியமே வாரி மூட்டை கட்டிவிட்டார். தன் வீட்டு வேட்டிகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துத் திரையாக்கிக் கொடுத்த டெய்லர் அக்காவுக்கு நன்றி. நடுவில் தையல் தெரியாமல் எப்படி அடித்தார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. சத்துணவு அக்காக்கள் இருவர் நிலக்கடலை அவித்து, ஒரு அண்டா நீர்மோரும் கலக்கி வைத்தார்கள். மாங்காய் கீறி உப்பு, மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. தட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

மைக்செட் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புரொஜெக்டரை எங்கிருந்தோ கேட்டு வாங்கி வந்ததும் அவர்தான், ஸ்பீக்கர் கட்டியதும் அவர்தான். டிவிடி போட்டோ ஸ்டூடியோக்காரர் கொடுத்தது. அவருடைய அப்பா சேர்த்து வைத்திருந்தது. வ.உ.சி.க்குத் தீர்ப்பு வந்த கொஞ்ச நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க்கில் கீறல். அண்ணன் அதை வெளியே எடுத்து, லுங்கி முனையில் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து... கால் மணி நேரம் போயிருக்கும்.

அந்தக் கால் மணி நேரத்துக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர், "நாப்பது வருஷமா? அப்படி என்னா தப்பு பண்ணாரு அந்த ஆளு?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். வகுப்பில் கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பவள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், அப்புறம் கைது என்று வரிசையாகச் சொன்னாள். "வெள்ளைக்காரனுக்கு எதிராப் பேசுனதுக்கு இருபது வருஷம், சிவாவுக்கு எடம் குடுத்து ஒத்தாசை பண்ணதுக்கு இருபது வருஷம் ஆயா. அப்புறம் அப்பீல்ல கொறச்சிட்டாங்க." ஆயா கேட்டார்: "எடம் குடுத்ததுக்கா இருபது வருஷம்?" அந்தப் பெண் சிரித்தாள். "அந்தச் சிவாதான் ஆயா, நம்ம பாப்பாரப்பட்டியில இருக்காரே, அவரு." களம் முழுக்கச் சலசலப்பு. படம் ஓடியிருந்தால் இது நடந்திருக்காது.

டிஸ்க் ஒருவழியாக ஓடியது. செக்கிழுக்கும் காட்சியில் பையன்கள் கடலை உரிப்பதை நிறுத்தினார்கள். சிறையில் வந்த தொழுநோயோடு சிவா, விடுதலையாகி வரும் வ.உ.சி.யைப் பார்க்க வரும் இடத்தில் ஆயா முந்தானையை எடுத்துக்கொண்டார். அந்த நோயைக் காரணம் காட்டி வெள்ளையர் அரசு அவரை ரயிலில் ஏற விடவில்லை, அவர் ஊர் ஊராக நடந்தே போனார் என்று படம் முடிந்ததும் சொன்னேன். யாரும் பழைய படம் என்று சொல்லவில்லை. நீளம் என்று மட்டும் இரண்டு பேர் சொன்னார்கள். அது உண்மைதான், மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

ராத்திரி பெண்பிள்ளைகளை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்ட ஆட்டோ அண்ணன்களுக்கும், டார்ச்சோடு கூட நடந்த அப்பாக்களுக்கும் நன்றி. மறுநாள் பதினொரு பேர் சேர்ந்து நினைவிடத்துக்குப் போய் வந்தார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. சின்ன வருத்தம்தான்.

மைக்செட் அண்ணன் கடைசி வரை பணம் வாங்கவில்லை. அடுத்த திருவிழாவில் அவருக்குப் பந்தல் கம்பு நடப் பையன்கள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். டெய்லர் அக்கா, உங்கள் வேட்டிகளைத் துவைத்து வைத்திருக்கிறோம். ஒன்றில் மிளகாய்த்தூள் கறை இரண்டு தடவை சோப்பு போட்டும் போகவில்லை. எவன் கை துடைத்தான் என்று தெரியும், சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.