மூன்று கதவுப் புதிரில் விடுபட்ட நிபந்தனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மூன்று கதவுப் புதிர் வெளியாகியிருந்தது. மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். போட்டியாளர் ஒரு கதவைத் தேர்ந்ததும், தொகுப்பாளர் வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டி, 'மாற்றிக்கொள்கிறீர்களா?' என்று கேட்கிறார். இதற்கு, 'கதவை மாற்றிக்கொண்டால் வெற்றி வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு' என்று தரப்பட்டிருந்த விடை எல்லோரும் அறிந்ததுதான். ஆனால், அந்த விடை எதைக் கொண்டு நிற்கிறதோ அந்த நிபந்தனை அச்சில் விடுபட்டுப்போயிருக்கிறது. கார் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பது தொகுப்பாளருக்குத் தெரியும். போட்டியாளர் எதைத் தேர்ந்தாலும் அவர் ஆடு நிற்கும் வேறொரு கதவையே திறந்துகாட்டி, மாற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் தவறாமல் தருவார். இதைச் சொல்லாமல் விடையை மட்டும் சொல்வது மாணவர்களைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்கிறது.

300 ஆட்டங்கள் நடப்பதாகக் கொள்வோம். ஏறத்தாழ 100 ஆட்டங்களில் போட்டியாளர் முதலிலேயே கார் உள்ள கதவைத் தேர்ந்திருப்பார். மற்ற 200 ஆட்டங்களில் தேர்ந்திருக்க மாட்டார். விவரம் தெரிந்த தொகுப்பாளர் என்றால், அந்த 200 ஆட்டங்களிலும் மூடியிருக்கும் மற்றொரு கதவுக்குப் பின்னால் கார் இருக்கும். அவரும் ஏதுமறியாமல் ஒரு கதவைத் திறப்பவர் என்றால், அந்த 200-இல் பாதியில் காரே வெளிப்பட்டு ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். எஞ்சிய 100-உம், முதலிலேயே காரைத் தேர்ந்த 100-உம் சேர்ந்து ஆடு வெளிப்படும் ஆட்டங்கள் 200. அவற்றில் மாற்றுபவருக்கு 100 வெற்றி, மாற்றாதவருக்கு 100 வெற்றி.

அமெரிக்காவில் 1963-இல் தொடங்கிய 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியின் தொகுப்பாளர் மான்டி ஹாலின் பெயரால் வழங்கும் இப்புதிருக்கு, 1990-இல் அந்நாட்டின் 'பரேட்' இதழில் கேள்வி-பதில் பத்தி எழுதிவந்த மர்லின் வாஸ் சாவந்த் விடை எழுதியபோது, ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்து குவிந்தன. முனைவர் பட்டம் பெற்றவர்கள்கூட அவரைக் கடுமையாகச் சாடினார்கள். விடை அவர் சொன்னதுதான். ஆனால், வாய்ப்பைத் தருவதும் தராததும் தொகுப்பாளரின் விருப்பம் என்றால் இக்கணக்குச் செல்லாது என்பதை மறுஆண்டே மான்டி ஹால் எடுத்துக்காட்டினார். சரியான கதவைத் தேர்ந்தவரிடம் மட்டும் 'மாற்றுகிறீர்களா?' என்று கேட்டால், மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் தோற்பார்.

சன் டிவியில் 'டீலா நோ டீலா' ஒளிபரப்பான நாட்களில், கடைசி இரண்டு பெட்டிகள் மிஞ்சும்போது மாற்றிக்கொள்வதுதானே லாபம் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். வெவ்வேறு தொகைகள் அடங்கிய மூடிய பெட்டிகளில் ஒன்றைப் போட்டியாளர் தனக்கென வைத்துக்கொள்ள, மற்றவை ஒவ்வொன்றாகத் திறக்கப்படும் விளையாட்டு அது. அதன் அமெரிக்க வடிவத்தில் 26 பெட்டிகள். அவற்றைத் திறக்கச் சொல்பவர் உள்ளிருப்பதை அறியாத போட்டியாளரே. மிகப்பெரிய தொகை அவர் கைப்பெட்டியில் இருக்க 26-இல் ஒரு வாய்ப்பு. கடைசிவரை திறக்கப்படாத மற்றொரு பெட்டியில் இருக்கவும் அதே 26-இல் ஒரு வாய்ப்புதான். மீதி 24 வாய்ப்புகளில் அது இடையிலேயே திறக்கப்பட்டிருக்கும். ஆகவே அங்கே மாற்றுவதால் பயன் ஏதுமில்லை. உள்ளிருப்பதை அறிந்த ஒருவர் பெரிய தொகையை வேண்டுமென்றே தவிர்த்து 24 பெட்டிகளைத் திறந்திருந்தால் மட்டுமே, மாற்றுபவருக்கு 26-இல் 25 வாய்ப்பு உண்டு. இந்த வேறுபாட்டை வகுப்பில் புரியவைக்க எனக்கு இரண்டு பாடவேளைகள் தேவைப்பட்டன. அதனால்தான் தங்கள் புதிரைக் கண்டதும் எழுதாமலிருக்க முடியவில்லை.

புதிர்ப் பக்கத்தைக் கத்தரித்துக் கணக்கு நோட்டில் ஒட்டிவைக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக, அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த நிபந்தனையைத் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்.