சம்பந்தியம்மாவின் கைப்பையும் உன் ஸ்வேட் பையும்

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே எல்லாரும் சுகம். போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் ‘மீட்டிங் இருக்குப்பா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன சம்பந்தியம்மாவின் தோல் கைப்பை வேலை முடிந்தது. திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். அது வந்து சேருவதற்குள் இதைப் படித்துவிடு. இல்லாவிட்டால் பையைப் பிரித்ததும் ‘என்னப்பா, அப்படியேதானே இருக்கு’ என்பாய்.

ஆமாம், பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். அந்த பம்பாய்க் கடைக்காரர் புதுசாக்கித் தருகிறேன் என்றாராமே, அவர் செய்யப்போவது பெயின்ட் அடிப்பது. கறுப்பு ஸ்ப்ரே அடித்தால் கீறல், கறை எல்லாம் ஒரே நாளில் மறையும். ஆனால் உள்ளே இருக்கும் பழைய அழுக்கும் மெழுகும் பெயின்டைப் பிடிக்க விடாது. நீ மூடியைத் திறந்து மூடுகிற மடிப்பில்தான் முதலில் பொடிப்பொடியாக உதிரும். அப்புறம் அதைச் சுரண்டி எடுக்கவும் வழியில்லை. டவுன்ஹால் ரோட்டில் கடை நடத்திய காலத்தில் இப்படிப் பெயின்ட் உதிர்ந்து வந்த பைகளைப் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட மீளவில்லை. ஒரு பையைச் சரி பண்ணுவது என்றால் அது பிய்யாமல், பூசணம் பிடிக்காமல், வெடிக்காமல் இருக்கச் செய்வது. பளபளப்பு வேறு கணக்கு.

உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நான் பையைத் திண்ணையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். ‘தலைக்கும் இதுதான், கதவுக் கீலுக்கும் இதுதான், தோலுக்கு மட்டும் ஆகாதா?’ என்று கேட்டாள். ஆகாது. முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும், தோல் மெத்தென்று ஆகிவிட்டது போலத் தெரியும். தேங்காய் எண்ணெய் தோலுக்குள் இறங்கித் திட்டுத்திட்டாகக் கறுக்கும். நாளாக ஆகச் சிக்கு வாடை வரும், தூசியை இழுத்து ஒட்டவைக்கும், பூசணத்துக்கும் தீனியாகும். உன் வீட்டில் இரவு முழுக்க ஏசி ஓடுகிறது. 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறையும். ஆலிவ் எண்ணெய் போடச் சொல்லி உன் தோழிகள் யாராவது வீடியோ அனுப்பினாலும் இதே பதில்தான். அடுப்பங்கரை எண்ணெய் எதுவும் வேண்டாம்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் அது என்ன தோல் என்று பார்க்க வேண்டும். கைப்பிடி வளையத்துக்குள் நுழைகிற இடத்தில் தோலின் வெட்டு ஓரம் தெரியும். வெளிச்சத்தில் பார். ஓரம் முழுக்கப் பழுப்பாக இருந்தால் மரப்பட்டையில் பதப்படுத்தியது. நடுவில் நீலம் கலந்த சாம்பல் கோடு ஓடினால் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதப்படுத்தியது. சாயம் உள்வரை ஏறியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், அது வேறு விஷயம். சம்பந்தியம்மாவின் பை பட்டைத்தோல். நம் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் ஊறவைப்பார்கள். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் போனால் அந்த வாடையே வழி சொல்லும். அப்புறம் வாட்டில் பட்டை வந்தது. கொடைக்கானல் மலையில் வாட்டில் மரம் நட்டதில் அந்தப் பட்டைக்கும் பங்கு உண்டு. இந்தப் பை எந்தப் பட்டையில் ஊறியதோ, எப்படியும் நல்ல தோல்.

அடுத்தது மேல்பூச்சு இருக்கிறதா என்பது. மூடியின் உள்பக்கம், கண்ணில் படாத மூலையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, கொஞ்சம் தைரியமாகத் துடைக்கலாம். இங்கே சொட்டு உடனே உள்ளே போய் அந்த இடம் கறுத்தது. காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது என்றாலும், இது பூச்சில்லாத தோல், தண்ணீரைக் கண்டபடி காட்டக் கூடாது என்று தெரிந்துகொண்டேன்.

உள்ளே இருந்ததைக் கேள். சம்பந்தியம்மா மேலூரில் டீச்சராக இருந்தபோது வைத்திருந்த பைதானே, லைனிங்கை வெளியே இழுத்து உதறினால் சாக்பீஸ் தூள். தையல் மூலையில் எல்லாம் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகியிருந்தது. பழைய பல் பிரஷ்ஷால் உலர்ந்த மேனிக்கே தள்ளி, செலோ டேப்பை விரலில் திருப்பிச் சுற்றி ஒற்றி எடுத்தேன். தூளை எடுக்காமல் ஈரத்துணி போட்டால் எல்லாம் மாவாகிவிடும்.

வெளிப்பக்கத்துக்கு என்னுடைய பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்துக்கொண்டேன். துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளைப் பருத்தித் துணிக்கு மேல் எதுவும் இல்லை. சாயமும் விடாது, நூலும் பிரியாது. அரை டம்ளர் தண்ணீரில் குழந்தைக்குப் போடுகிற ஷாம்பு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைத்தேன். துணியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது. குளிக்கிற சோப்பு காரம், தோல் லேசான அமிலக் குணம் உள்ளது, இரண்டுக்கும் ஆகாது. இன்னொன்று, அழுக்கு இருக்கிற இடத்தை மட்டும் தேய்க்காதே. தையலிலிருந்து தையல் வரை முழுத் துண்டையும் ஒரே சீராகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் நின்ற இடத்தில் கோடு விழும். நிழலில் ஒரு ராத்திரி காயட்டும். வெயிலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம்.

அப்புறம்தான் கிரீம். லானோலினும் (ஆட்டு ரோமத்தில் எடுக்கிற கொழுப்பு) தேன்மெழுகும் கலந்த, நிறமில்லாத தோல் கிரீம். பட்டாணி அளவு எடுத்துத் துணியில் தடவி, துணியால் பைக்குப் போட்டேன். மறுநாள் உலர்ந்த துணியால் துடைத்தேன், அவ்வளவுதான். நிறமுள்ள ஷூ பாலிஷ் போடாதே. ஷூ தரையில் நடக்கும், பை உன் சேலையில் உரசும்.

பக்கிள் ரிவிட்டைச் சுற்றிப் பச்சையாக, மெழுகு மாதிரி திரண்டு இருந்தது. அது பூசணம் இல்லை. பித்தளையில் இருக்கிற செம்பும் தோலில் இருக்கிற கொழுப்பும் சேர்ந்து உண்டாவது. எண்ணெய் அதிகமாகப் போட்ட பைகளில் இன்னும் அதிகமாக வரும், இதை உன் அம்மாவிடமும் காட்டினேன். பல்குத்தும் குச்சியால் மெதுவாக நெம்பினால் உருண்டையாகக் கழன்று வரும். புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். குத்துவிளக்குக்குத்தான் புளி. இங்கே அது வழிந்து தோலில் கறை ஆகிவிடும்.

சிவப்பு மை கறை ஒன்று உள்பாக்கெட் ஓரத்தில் இருக்கிறது, திருத்துகிற பேனா ஒழுகியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டேன். ஸ்பிரிட் போட்டால் மையும் கரையும், தோலின் சாயமும் கரையும், கடைசியில் சின்னக் கறை பெரிய திட்டாகும். சம்பந்தியம்மாவுக்கு அதைப் பார்த்தால் எந்தப் பரீட்சை என்றுகூட ஞாபகம் வரலாம்.

இப்போது வருத்தமான சேதி. தோள் வார் போய்விட்டது. விரலால் தேய்த்தால் செங்கல்பொடி மாதிரி சிவப்பாக உதிர்கிறது. பழைய பட்டைத்தோலுக்கு வருகிற நோய் இது. காற்றில் இருக்கும் கந்தகப் புகை தோலுக்குள் அமிலமாக மாறி, நாரை அரித்துவிடுகிறது. போன நார் போனதுதான், கிரீமோ எண்ணெயோ அதைத் திருப்பித் தராது. ஈரத்துணியால் துடைத்தாலோ கறுத்து விறைத்துப்போகும். அதனால் அந்த வாரைக் கழற்றி, வேட்டித் துணியில் சுற்றிப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அதே வளையங்களில் புது வார் மாட்டியாகிவிட்டது. இரண்டு ஊசி கோத்து, மெழுகு நூலில், ஒரே ஓட்டையில் இரு பக்கமிருந்தும் போகிற கைத்தையல். மிஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையாகப் பிரியும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் சொல்கிறேன், லேப்டாப் வைக்காதே. போன், பர்ஸ், சாவி, அதோடு நிறுத்திக்கொள். ஆபீசுக்கு வேறு பை வாங்கிக்கொள், அப்பா பணம் அனுப்புகிறேன்.

சரி, நீ பழைய பொருள் கடையில் வாங்கின ஸ்வேட் பைக்கு வருவோம். அதை நீதான் செய்யவேண்டும். இதுவரை சொன்னதில் பாதி அதற்குப் பொருந்தாது. ஸ்வேட் என்பது தோலின் உள்பக்கத்தைத் தேய்த்து ரோமம் எழுப்பியது. கிரீம் போட்டால் ரோமம் படிந்து பிசுக்காகிவிடும். நுரைத் துடைப்பும் வேண்டாம்.

முதலில் நன்றாகக் காயவிட்டு, மெத்தென்ற நைலான் பிரஷ்ஷால் ஒரே திசையில் வாரு. தூசி போனபிறகு எதிர்த் திசையில் லேசாக வாரினால் ரோமம் எழும்பும். கைபட்டு வழுவழுப்பாகிவிட்ட இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் தேய்த்துப் பார். கலர் ரப்பர் வேண்டாம், அதன் சாயம் ஏறும். நீ படத்தில் வட்டம் போட்டுக் காட்டின எண்ணெய்க் கறைக்குச் சோளமாவு போதும். கொட்டி, விரலால் அழுத்தி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் வாரி எடு. ஒரு தடவையில் போகாது, திரும்பத் திரும்பப் போடு.

படிந்தே கிடக்கிற இடங்களுக்கு ஆவி காட்டலாம். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கவிட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து, ஆவியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடி. தோல் நனையக் கூடாது, வெதுவெதுப்பானால் போதும். உடனே பிரஷ் போடு. ரோமம் ஒவ்வொன்றாக நிமிர்வதை நீயே பார்ப்பாய், எனக்கு இந்த வேலையிலேயே பிடித்தது அதுதான். வெயில் பட்டு வெளுத்த தோள்பட்டைப் பக்கம் மட்டும் பழைய நிறத்துக்கு வராது. உன் வெள்ளைச் சுடிதாரோடு அதைப் போட்டுக்கொண்டு போகாதே, ஸ்வேட் சாயம் விடும்.

உள்பாக்கெட் பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்றாயே, அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. அந்த லைனிங் தோல் இல்லை, துணியில் பிளாஸ்டிக் பூசினது. காற்றில் இருக்கிற ஈரமே பல வருஷத்தில் அந்தப் பூச்சை உடைத்துக் கூழாக்கிவிடும். பவுடர் போட்டால் ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். பாக்கெட்டைத் தையலோடு பிரித்து எடுத்துவிட்டுப் பருத்தித் துணியில் புதிது தைத்துப் போடு. பிரிக்கிறதுக்கு முன்னால் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள், எந்த மடிப்பு எதற்குள் போனது என்று அப்புறம் தெரியாது.

இனி மழைக்காலத்துக்கு வருவோம். மதுரையில் தோலுக்கு வருகிற தொல்லை வறட்சி. சித்திரை வெயிலில் பீரோ மேலே வைத்த பை வெடித்துவிடும். பம்பாயில் இருக்கிற உனக்கோ ஜூன் பிறந்தால் நாலு மாசம் ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 சதவிகிதத்தைத் தாண்டி நின்றாலே பூசணம் கிளம்ப இடம் உண்டு. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதே, உள்ளேயே வேர்க்கும். பையின் வயிற்றில் வெள்ளைத்தாளைக் கசக்கித் திணித்து, துவைத்த வெள்ளைத் துணிப்பையில் போட்டு, அலமாரியில் நிற்க வை. தினத்தாள் திணித்தால் அச்சு மை ஒட்டும். கைப்பிடியில் தொங்கவிட்டால் கைப்பிடிதான் முதலில் போகும். அந்துருண்டை தோலில் படவே கூடாது. மாத்திரை டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வை. வாரத்தில் ஒரு நாள் வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் வைத்தாலே பாதித் தொல்லை இல்லை.

அதையும் மீறிப் பூசணம் பூத்துவிட்டால் வீட்டுக்குள் உதறாதே. பால்கனிக்குக் கொண்டுபோய், முகத்துக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு துணியால் ஒற்றி எடு. அந்தத் துணியைத் தூர எறிந்துவிடு. தோல் பையாக இருந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மூலையில் சோதித்துவிட்டு லேசாகத் துடைக்கலாம். பட்டைத்தோலில் அவசரம் வேண்டாம், எனக்குப் படம் அனுப்பு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சம்பந்தியம்மாவுக்கு நான் போன் பண்ணி, வார் மாற்றினதைச் சொல்லிவிட்டேன். ‘அண்ணே, அதை இன்னும் வச்சிருக்கீங்களா’ என்று சிரித்தார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வாருங்கள், டிக்கெட்டை இப்போதே போட்டு வைக்கச் சொல்.

ஸ்வேட் பையின் ஜிப் பாதியில் நிற்கிறது என்றாய். பல்லில் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மேலும் கீழும் பத்துத் தடவை ஓட்டிப் பார். அப்போதும் பிரிந்துகொண்டே போனால் கோளாறு பல்லில் இல்லை, ஓடுகிற ஸ்லைடர் அகன்றுவிட்டது. அதன் பின்பக்கத்தில் 3, 5 என்று ஏதாவது எண் அச்சாகியிருக்கும். எண்ணையும், பல் பித்தளையா பிளாஸ்டிக்கா என்பதையும் எழுதி அனுப்பு. விளக்குத்தூண் பக்கம் போகும்போது அதே அளவில் இரண்டு வாங்கி அடுத்த பார்சலில் வைக்கிறேன்.

இப்படிக்கு
அப்பா