ஒரு சொல்லுக்காக எழுதிய கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லோரும் நலம். வீட்டில் அவளுக்கு மட்டும் மூட்டுவலி விட்டபாடில்லை.

கண்ணில் தண்ணீர் பட்டால் கிருமி தொற்றும் என்று மருத்துவர் சொன்னதும், கிருமியும் மைக்ரோப்பும் ஒன்றுதானா, அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று உன் பேத்தி கேட்டாளாமே! இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக், 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு எழுதிய கடிதத்தில், வெறும் கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்களைச் சின்னஞ்சிறு விலங்குகள் என்றே குறிப்பிட்டார். 1828-இல் ஜெர்மானிய அறிஞர் எஹ்ரன்பெர்க், குச்சி வடிவில் இருந்தவற்றுக்கு பாக்டீரியம் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதற்குச் சிறு கோல் என்று பொருள். சுருண்டிருந்தவற்றுக்கு ஸ்பைரில்லம் என்றார். இப்படிப் பெயர்கள் பெருகினவே தவிர, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல எளிய சொல் அமையவில்லை.

அதைத் தந்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செடியோ. அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. கிரேக்கத்தில் மிக்ரோஸ் என்றால் சிறியது, பியோஸ் என்றால் உயிர்வாழ்வு. இரண்டையும் சேர்த்து மைக்ரோப் என்று வைக்கலாமா என்று அகராதி அறிஞர் லித்ரேயைக் கேட்டார். லித்ரே மருத்துவமும் படித்தவர். சொல் நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதினார். பழைய கிரேக்கத்தில் அதற்குக் 'குறுகிய ஆயுள் உடையது' என்றுதான் பொருள் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தாலும், சொல் தன்னைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஓர் அகராதிக்காரருக்கு எவ்வளவு பெரிய மனது, பார்! செடியோ அந்தச் சொல்லை 1878-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். நுண்ணுயிர் ஆய்வில் பேர்பெற்ற பாஸ்டரும் அதை ஏற்றுக்கொண்டார்.

அந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். இது விலங்கா, தாவரமா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், சிறிய உயிர் என்பதோடு அது நின்றுகொண்டது.

நம் 'நுண்ணுயிர்' என்ற சொல்லும் அதே வார்ப்புதான். இலங்கையில் நுண்ணங்கி என்பார்கள், அதுவும் அழகு. கிருமி என்பது வடமொழியிலிருந்து வந்த சொல், புழு என்பது அதன் பழைய பொருள். இன்று அது நோயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எல்லா நுண்ணுயிரையும் கிருமி என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. பாலின் சர்க்கரையைப் புளிப்பாக்கித் தயிர் உறையச் செய்வதும் பாக்டீரியாதானே? இன்றிரவு பாலுக்கு உறை ஊற்றும்போது பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டு. அடுத்த கேள்வியை அவளே எனக்கு எழுதட்டும், பதில் போடுகிறேன். பொங்கலுக்கு நேரில் வருகிறோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்