ஆண்டறிக்கை: விசேஷ வீடுகளும் இரவு பத்து மணியும்

தலைவர் அவர்களுக்கும் பெரியோர்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம்.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் உள்ள நம் குடியிருப்போர் சங்கத்தில் தெருவிளக்கு, வடிகால் வேலைகள் இந்த ஆண்டும் வழக்கம்போல் நடந்தன. பஞ்சாயத்துக்குக் கொடுத்த மனுக்களின் நகல் கோப்பில் இருக்கிறது. நான் அதிகம் சொல்ல நினைப்பது பாட்டுச் சத்தம் பற்றி.

அதை என் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். என் மகள் கல்யாணத்துக்கு முந்தின இரவு, பந்தலில் பாட்டு பத்தே முக்காலுக்குத்தான் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா ஆபரேஷன் முடிந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அன்றிரவு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பந்திக்கு வந்த அந்த வீட்டு அண்ணன், "ராத்திரி அவ கண்ணே மூடலை" என்று மட்டும் சொன்னார். செயலாளராக இருந்துகொண்டு நானே செய்த தவறு அது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்தச் சபையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த செயற்குழுவிலேயே இதைப் பேசினோம். தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சட்டம், நம் பக்கம் ஒரு சட்டம் என்று பலர் நினைத்திருந்தார்கள். அங்கிருந்து வரும் சவுண்ட் சர்வீஸ்காரர்களும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகள் எல்லைக்கு இருபுறமும் ஒன்றுதான். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பகலில் வைக்கவும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குச் சத்தத்தின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. வீட்டில் வைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸின் சத்தம் நம் மதிலோரத்தில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு இரவு 12 வரை தளர்வு தரலாம். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்குள்தான். அதை வைத்து நம் வீட்டு விசேஷத்துக்கு நேரம் நீட்ட முடியாது. இதையெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம்.

போனில் அளந்து பார்த்து "அளவுக்குள்தான் இருக்கு" என்று சிலர் காட்டினார்கள். போன் காட்டுவது ஒரு உத்தேசம்தான். அதோடு, விதியில் சொல்லும் அளவீட்டு முறை தாழ்ந்த சுருதி ஒலியை, அதாவது பேஸை, குறைத்தே கணக்கிடும். எண் சின்னதாக இருக்கும்போதே பேஸ் சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். சுவரையும் அது சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் பேஸைக் குறைக்கவும், பாக்ஸை அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து வைக்காமல் பந்தலுக்கு உள்நோக்கித் திருப்பவும் கேட்டுக்கொண்டோம். இதற்குச் செலவே இல்லை.

பிறகு நடந்த விசேஷங்களில் பெரும்பாலும் பத்துக்கு முன்பே பாட்டு நின்றது. ஒரு வீட்டில் மட்டும் வாக்குவாதம் ஆகி, போலீஸ் வரை போனது. அது எனக்கு மிகுந்த வருத்தம். பாட்டு நடுவே, சொந்தபந்தங்கள் முன்னால் போய் நிறுத்தச் சொன்னால் எந்த வீட்டுக்காரருக்கும் கோபம் வரத்தான் செய்யும். இனி பந்தக்கால் நடும் நாளிலேயே செயற்குழுவில் ஒருவர் போய் வீட்டுக்காரரிடமும் சவுண்ட்காரரிடமும் பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மார்ச் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் கோயில் பொங்கலும் ஒன்றாக வருகின்றன. அந்த வாரங்களில் மாலை எட்டு மணிக்கே நிறுத்தலாமா என்பதை இன்று சபை முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் படிக்கும் வீடுகளின் பெற்றோர் எழுந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் பொருளாளர் கணக்கு வாசிப்பார்.

செயலாளர்