மாத்திரையை நீயாக நிறுத்தாதே

அன்பு மகளுக்கு,

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் முன்பு இருந்த அளவில்தானே இருக்கிறது, டாக்டர் ஏன் கவலைப்படுகிறார் என்று கேட்டிருந்தாய். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவாய். அதற்குக் கீழே உள்ள வரிகளைப் படி. நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 52-இலிருந்து 27-க்கு வந்துவிட்டது. பெண்களுக்கு அது 50-க்கு மேல் இருப்பது நல்லது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஏறியிருக்கிறது. ஒன்று இறங்கி இன்னொன்று ஏறினால் கூட்டுத்தொகை அசையாமல்தான் நிற்கும்.

இதற்காக நீ சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தது வீண்வேலை. இது, ரத்தம் ஊறுவதற்காக நீ சாப்பிடும் டேனசால் மாத்திரை செய்கிற வேலை. இதுபோன்ற ஆண் ஹார்மோன் வகை மாத்திரைகள் கல்லீரலில் ஹெபடிக் லைபேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகின்றன. அது நல்ல கொழுப்பைச் சீக்கிரமே சிதைத்துவிடுகிறது. உன்னைப் போல, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் சரியாக ஊறாத டிஸ்கெரடோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும், அதே போல மஜ்ஜையைப் பாதிக்கும் ஃபான்கோனி ரத்தசோகைக்கு இவ்வகை மருந்து எடுப்பவர்களுக்கும் டாக்டர்கள் கொழுப்பு அளவை விடாமல் பார்ப்பது இதனால்தான்.

"அப்படியென்றால் மாத்திரையை விட்டுவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் பதறிவிட்டேன். விட்டால் கொழுப்பு எண்கள் பெரும்பாலும் பழையபடி ஆகும், உண்மைதான். கூடவே ஹீமோகுளோபினும் இறங்கிவிடலாம். கெட்ட கொழுப்பு ரத்தக்குழாயைக் கெடுக்க வருடக்கணக்காகும். ரத்த அணுக்கள் விழுந்தால் அவ்வளவு காலம் பொறுக்காது. திரும்பவும் ரத்தம் ஏற்ற ஆரம்பித்தால் உடம்பில் இரும்புச்சத்து சேர்கிற தொல்லை வேறு. 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், உன்னுடையதைப் போன்ற டெலோமியர் (குரோமோசோம் நுனியில் இருக்கும் காப்பு) நோய் உள்ளவர்களுக்குத் தினம் 800 மில்லிகிராம் டேனசால் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு ரத்த அளவு தேறியது, தேய்ந்துகொண்டே போகும் டெலோமியரும் நீண்டது. உனக்கு அந்த மருந்தை எழுதிக் கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேள். முடிவை அவர் எடுக்கட்டும்.

இன்னொன்று, இதை மறந்துவிடாதே. வேறு எந்த டாக்டராவது கொழுப்புக்கு மாத்திரை எழுதினால், டேனசால் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடு. சிம்வாஸ்டாட்டினை அதோடு சேர்க்கவே கூடாது, தசை நார்கள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். டேனசாலே சிலருக்குத் தசைப்பிடிப்பு தரும் என்பதால் வலி எதனால் என்று பிரித்தறிவதும் கஷ்டம். சிறுநீர் கறுத்துப்போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

இந்த மாத்திரையால் குரல் கரகரப்பதையும் டாக்டரிடம் சொன்னாயா? அதைச் சொல்ல நீ கூச்சப்படுவாய் என்று எனக்குத் தெரியும். கொழுப்பு அளவு பழையபடி ஆகிவிடும், குரல் சில சமயம் பழையபடி ஆகாது. அதனால் முதலில் அதைச் சொல்.

நீ அனுப்பியதில் கல்லீரல் நொதிகளின் பக்கம் இல்லை. அதையும் அனுப்பு. கல்லீரல் ஸ்கேன் கடைசியாக எப்போது எடுத்தாய் என்றும் எழுது.

அம்மா