புடா கோட்டைக்கு உள்ளேயும் போங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த புடாபெஸ்ட் பயணக் கட்டுரையைப் படித்தேன். டான்யூப் நதி, சங்கிலிப் பாலம், குன்றின் மேல் ஏறும் குட்டி ரயில் எல்லாம் நன்றாக வந்திருந்தன. ஆனால் புடா கோட்டையை "போட்டோ எடுக்க அருமையான இடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். ஹங்கேரியின் தேசிய ஓவியக்கூடம் அந்தக் கோட்டை அரண்மனையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவரை மட்டும் குறை சொல்வானேன்? மகள் அங்கே வேலை பார்ப்பதால் போன வருடம் நான் போயிருந்தேன். மத்தியாஸ் மன்னரின் வேட்டைச் சிலைகள் உள்ள நீரூற்றின் அருகே ஒரு தமிழ்ச் சுற்றுலாக் குழு நின்றிருந்தது. "உள்ள என்ன சார் இருக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க, மியூசியம்தான். வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் வழிகாட்டி. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள் நான். வயிறு எரிந்தது.

அரண்மனை என்றதும் தங்க முலாமும் சரவிளக்கும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்து முற்றுகையில் கட்டடம் எரிந்து சிதைந்தது. திரும்பக் கட்டியபோது பழைய அலங்காரங்களைக் கொண்டுவரவில்லை. 1975இல் ஓவியக்கூடம் இங்கே குடிவந்தது. உள்ளே பெரிய சர்க்கார் ஆபீஸ் மாதிரி வழவழப்பான தரை, வெறுஞ்சுவர். எனக்கு அதுவே பிடித்திருந்தது. ஓவியத்தோடு போட்டி போட அங்கே வேறு எதுவும் இல்லை.

நான் அதிக நேரம் நின்றது ஹங்கேரிய ஓவியர் மிஹாய் முன்காச்சியின் படங்கள் முன்னால். சிறு வயதில் பெற்றோரை இழந்து, தச்சுப் பட்டறையில் வேலை பழகிய பையன் அவர். அந்த வாழ்க்கை தெரிந்தவர் வரைந்த 'கொட்டாவி விடும் பட்டறைப் பையன்' இங்கே இருக்கிறது. வாயைப் பிளந்து அவன் விடும் கொட்டாவியைப் பார்த்து எனக்கும் கொட்டாவி வந்துவிட்டது. 1873இல் வரைந்த 'விறகு சுமக்கும் பெண்' பக்கத்தில் போய், கொஞ்சம் சாய்வாக நின்று பாருங்கள். முன்காச்சி அடிப்பூச்சுக்குத் தார் கலந்த பழுப்பு வண்ணத்தைப் பயன்படுத்துவார். பூசும்போது அது ஆழமான, பளபளப்பான இருட்டைக் கொடுக்கும். ஆனால் முழுசாகக் காயவே காயாது. மேலே பூசிய வண்ணம் காய்ந்து இறுகும்போது அடியில் இது நெகிழ்ந்துகொண்டே இருக்கும். வருடம் போகப் போகப் படம் வெடித்துக் கறுக்கும். இதையெல்லாம் அச்சில் வரும் படத்தில் பார்க்க முடியாது.

அதே 1873இல் பால் சினியெய் மெர்ஷே வரைந்த 'மே மாதச் சிற்றுலா'வும் இங்கேதான். புல்வெளியில் நண்பர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பச்சை! அன்றைய விமர்சகர்கள் அதைக் கேலி செய்ததில் மனிதர் நொந்துபோய்ப் பல வருடம் தூரிகையையே ஒதுக்கி வைத்துவிட்டாராம்.

அப்புறம் சோன்ட்வாரி. மருந்துக் கடைக்காரர். இத்தாலிய ஓவிய மேதை ரஃபேலையும் மிஞ்சுவாய் என்று ஏதோ ஒரு குரல் சொன்னதாக நம்பி வரைய வந்தவர். இத்தாலியில் உள்ள தாவோர்மினாவின் இடிந்த கிரேக்க அரங்கை ஐந்தரை மீட்டருக்கும் அதிக நீளத்தில் தீட்டியிருக்கிறார். 1919இல் அவர் இறந்தபோது, பெரிய கேன்வாஸ்களை வண்டி மூடும் படுதாவுக்கு விற்றுவிட இருந்தார்கள். கெர்லோட்சி என்ற இளம் கட்டடக் கலைஞர் ஏலத்தில் வாங்கிக் காப்பாற்றினார்.

நம் ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1913இல் பிறந்ததும் புடாபெஸ்ட்டில்தான்; அம்மா ஹங்கேரியர். கட்டுரையில் இதையாவது சொல்லியிருக்கலாம்.

நம்மூர்ச் சுற்றுலா நிறுவனங்களுக்கு உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். கோட்டைக்கு ஒதுக்கும் நேரத்தோடு இன்னும் இரண்டு மணி நேரம் சேருங்கள். ஓவியம் வேண்டாம் என்பவர்கள் வெளியே காபி குடிக்கட்டும். திங்கட்கிழமை ஓவியக்கூடத்துக்கு விடுமுறை. அந்த நாளில் குழுவைக் கூட்டிப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
மயிலாடுதுறை